கண் கூசாத கண்ணாடி: பயனும் பராமரிப்பும்

நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர்களுக்கு மூக்குக்கண்ணாடியும் ஒரு தொழிற்கருவியே. வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் வழங்கும் குறை வந்துவிட்டால், அறுந்த பாவிழையைத் தேடி முடிவதற்குள் பொழுது போய்விடுகிறது. இது வருமானத்தையே தொடும் விஷயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கண்ணாடி கொடுத்துச் செய்த சோதனையின் முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கண்ணாடி பெறாதவர்களைவிடப் பெற்றவர்களின் உற்பத்தி ஏறத்தாழ 22 சதவிகிதம் கூடியிருந்தது.

கண்ணாடி வாங்கச் செல்பவரிடம், "ஆன்ட்டி கிளேர் போடட்டுமா?" என்று கடைக்காரர் கேட்பது இப்போது வழக்கம். கூச்சத்தைத் தடுப்பது என்பது அச்சொல்லின் பொருள். வயல்வெளியின் வெயிற்கூச்சம் இதனால் தீரும் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்து, பின்னர் ஏமாற்றமடைந்த விவசாயிகளை நாம் சங்கங்களில் சந்தித்ததுண்டு. குற்றம் கண்ணாடியில் இல்லை, பெயரில் இருக்கிறது. இப்பூச்சு வெயிலைத் தடுப்பதன்று. வெளிச்சத்தை முன்னிலும் சற்று அதிகமாகக் கண்ணுக்குள் அனுப்புவது.

சாதாரண வில்லையின் முன்பரப்பு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கைத் திருப்பிவிடுகிறது, பின்பரப்பும் அவ்வாறே. ஆக 8 பங்கு நஷ்டம். நஷ்டத்தைவிடத் தொந்தரவு பெரிது. முதுகுக்குப் பின்னே எரியும் விளக்கின் பிம்பம் வில்லையின் உட்புறத்தில் பட்டுக் கண்முன் வந்து நிற்கும். பழகி மங்கிய கண்ணாடி புதியதைவிட அதிக ஒளியை விடுவதை இங்கிலாந்தின் ராலே பிரபு 1886இல் கவனித்தார். 1935இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பார் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சிடும் முறையைக் கண்டார். 1938இல் அமெரிக்காவில் காதரின் பிளாட்ஜெட் அம்மையார் வேறொரு வழியில் அதனையே சாதித்தார். பூச்சின் மேற்புறத்தில் திரும்பும் ஒளியலையும் அடிப்புறத்தில் திரும்பும் ஒளியலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறு அதன் கனம் அமைக்கப்படுகிறது. அக்கனம் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. பம்புசெட்டிலிருந்து சொட்டிய டீசல் வாய்க்கால் நீரில் படர்ந்து பல நிறம் காட்டுவதும் இவ்விதியாலேயே.

வாங்கும்போது வில்லையைக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை; மங்கலாகப் பச்சையோ ஊதாவோ தெரிந்தால் உண்டு.

இதனால் பயன் பெறுவோர் முதலில் நெசவாளரே. திருபுவனம், கும்பகோணம் பக்கங்களில் பட்டுத்தறியில் விளக்கொளியில் அமர்வோருக்கு வில்லையில் நிழலாடும் பிம்பங்கள் நீங்கி இழைகள் தெளிவுபடும். இரவில் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கும் இது சௌகரியம். ஆனால் ஜரிகையின் மினுக்கம் ஜரிகையிலிருந்தே வருவது. எந்தப் பூச்சும் அதை அடக்காது. விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துவதே அதற்குச் செலவில்லாத வைத்தியம்.

விவசாயியின் தேவை வேறு. நடவுக்காக நீர் கட்டிய வயலில் சாய்ந்து பட்டுத் திரும்பும் ஒளியின் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்பவை. அவ்வலைகளை மட்டும் நிறுத்தும் படலத்துக்கு எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர் 1929இல் காப்புரிமை கோரினார். அதுவே போலராய்டு வில்லை. கைபேசித் திரையின் முன்னே அதைப் பிடித்துச் சுழற்றினால், பெரும்பாலான திரைகள் ஒரு நிலையில் இருண்டுபோகும். அசல் சரக்கை அறிய இச்சோதனை உதவும். புற ஊதாக் கதிரைத் தடுப்பது என்று குறித்திருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால் இருட்டில் பாப்பா விரிந்து, தடுக்கப்படாத கதிர் கூடுதலாக உள்ளே செல்ல இடமாகும். ஆண்டுக்கணக்கில் வெயில் படுவோருக்குக் கருவிழிமேல் சதை வளர்வதற்கு இக்கதிர் ஒரு காரணம். அகன்ற விளிம்புள்ள தொப்பியையும் இதனுடன் சேர்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றை வற்புறுத்தியாக வேண்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும், முன்பில்லாத கூச்சம் நாளுக்கு நாள் மிகுவதும் கண்புரையின் தொடக்கமாக இருக்கக்கூடும். அதற்குக் கடையில் மருந்தில்லை. வில்லையை மாற்றி மாற்றிப் பார்த்து ஓராண்டைக் கழிப்பதைவிட, அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது மேல். பரிசோதனை முன்னே, பவர் அடுத்து, பூச்சு கடைசியில் என்பதே செலவின் வரிசை.

இனிப் பராமரிப்பு. தஞ்சைக்குத் தென்மேற்கே உள்ள வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தது நம் ஜில்லாவின் பழந்தொழில். அந்தக் கல் கண்ணாடி குளிர்ச்சி என்பார்கள். படிகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் தொடும் விரலுக்குக் குளிர்வது மெய்தான். பார்வைக்கு அதனால் தனிப்பயன் இல்லை, புற ஊதாக் கதிரை அது தடுப்பதும் இல்லை. ஆனால் எளிதில் கீறல் விழாது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் படிகத்துக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ ஐந்தரை. இக்காலத்து வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனினும் மென்மையானவை. காவிரி மணலில் பெரும்பகுதி அப்படிகமேயாதலால், தோளில் கிடக்கும் துண்டால் வில்லையைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதலில் ஓடும் நீரில் தூசியைக் கழுவிவிடல் வேண்டும். பிறகு பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்பு நீர் ஒரு துளி இட்டு, விரல் நுனியால் இருபுறமும் தடவி, மீண்டும் அலசி ஒற்றி எடுக்கலாம். உவர்நீரைத் தானே உலரவிட்டால் உப்புக்கறை படியும். துடைக்கக் கோடித்துணி ஆகாது. பலமுறை வெளுத்துத் தளர்ந்த பருத்தித் துணி, நம் சங்கத்து நெசவாகவே இருக்கட்டும், போதுமானது. அதைக் கண்ணாடிக்கென்றே தனியே வைத்துக்கொள்ளவும்.

சூடு பூச்சுக்குப் பகை. பிளாஸ்டிக் அதிகமாகவும் பூச்சு குறைவாகவும் விரிவதால் பூச்சில் நுண்ணிய வெடிப்புகள் ஓடும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும், பம்புசெட்டுக் கொட்டகையின் தகரத்தடியிலும், பட்டு வேகும் சாய அண்டாவின் அருகிலும் கண்ணாடியை வைக்கலாகாது. அம்மோனியா, ப்ளீச், நகச்சாயம் நீக்கும் திரவம் ஆகியவை அதன்மேல் படவே கூடாது. பூச்சிமருந்து தெளிக்கையில் மூக்குக்கண்ணாடி கண்ணுக்குக் காப்பாகாது. பக்கங்கள் மூடிய காப்புக் கண்ணாடியை அதன்மேல் அணிதல் வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் நாளடைவில் பூச்சு உரியும். உரிந்த இடத்தில் மறுபூச்சு வீட்டில் இட முடியாது. தேய்த்தால் திட்டுகள் பெருகும். சட்டம் நன்றாயிருப்பின் அதை வைத்துக்கொண்டு வில்லைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; அதற்கு முன் பவரை மறுபடி பார்த்துவிடவும்.