வரைபடமும் ஒரு கணக்குப் புத்தகமே

"தம்பி, இந்த வேலைக்கு யன்னல் எத்தனை வருது?"

"கொஞ்சம் இரிங்க நானா, எண்ணிப் பார்த்துச் சொல்றன்."

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு வெல்டிங் பட்டறைக்கோ அலுமினிய வேலைத்தலத்துக்கோ சென்றால் இத்தகைய உரையாடலைக் கேட்கலாம். மேசையில் கணனி இருக்கின்றது. அதில் ஓட்டோகேட் மென்பொருள் இருக்கின்றது. வரைபடமும் திரையில் விரிந்திருக்கின்றது. தம்பியோ திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டிருப்பார். கணனிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பென்சிலாக மட்டுமே பாவிக்கின்றோம்.

இந்த எண்ணிக்கை பிழைத்தால் நட்டம் யாருக்கு? வன்னியில் நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரிய கட்டம் வடக்கு கிழக்கில் ஆரம்பமானது. வீடொன்றுக்கு 550,000 ரூபா, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாக வந்தது. வீட்டுக்காரரே கட்டுநர். மேசனைப் பிடிப்பதும், சீமெந்து வாங்குவதும், கதவு யன்னலுக்குக் கடை கடையாக விலை கேட்பதும் அவரே. பணம் மட்டிட்டது, கூடாது. அப்படிப்பட்ட ஒருவருக்கு நாம் இரண்டு யன்னல் குறைத்து எண்ணி விலை சொல்லிவிட்டால், ஒன்றில் அந்த இரண்டையும் நாம் கைக்காசில் செய்து கொடுக்க வேண்டும், அல்லது அந்தக் குடும்பம் யன்னல் துவாரத்துக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டு குடியிருக்க வேண்டும். இன்று வரும் வேலைகள் வேறாக இருக்கலாம். கையிலிருக்கும் பணத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்ற வாடிக்கையாளரின் கவலை மாறவில்லை.

வரைவதை வேகப்படுத்தினால் இலாபம் வரும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையான இலாபம் இரண்டு இடங்களில் உள்ளது. ஒரே பொருளை இரண்டாம் முறை வரையாதிருப்பது ஒன்று. வரைபடத்திலிருந்தே பிழையின்றிக் கணக்கு எடுப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்குமான வசதிகள் நீண்ட காலமாக மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. முதலாளி வரையப் பழகத் தேவையில்லை. எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

1. ஒருமுறை வரைக, பலமுறை பாவிக்க

1963 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வாளர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைதல் முறையை உருவாக்கினார். அதன் முக்கிய யோசனைகளுள் ஒன்று, ஒரு மூல வரைபும் அதன் பிரதிகளும் என்பதாகும். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் தாமாகவே திருந்தும். 1982 டிசம்பரில் சந்தைக்கு வந்த ஓட்டோகேட்டில் 'பிளொக்' எனப்படுவது இதே யோசனைதான்.

நமது பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு யன்னலைக் கோடுகளால் வரைந்து, அந்தக் கோடுகளையே இருபது இடத்தில் கொப்பி பண்ணுகின்றனர். வாடிக்கையாளர் வடிவத்தை மாற்றச் சொன்னால் இருபதையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தெரியாது. அதையே பிளொக் ஆக்கிப் பெயர் வைத்திருந்தால், பிளொக் எடிட்டரில் ஓரிடத்தில் திருத்த இருபதும் மாறும்.

2006 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டைனமிக் பிளொக்' வந்தது. ஒரே யன்னலை மூன்றடி, நான்கடி, ஐந்தடி என இழுத்துக்கொள்ளலாம். அளவுக்கொரு யன்னல் வரைந்து வைக்கத் தேவையில்லை. இதை ஒருமுறை தயாரிக்க அரை நாள் போகலாம். பின்னர் ஒவ்வொரு வேலையிலும் அந்த நேரம் திரும்பி வரும்.

2. வரைபடத்துக்குள் ஒரு பெயர்ச்சீட்டு

கடையில் பொருளின் மீது விலைச்சீட்டு ஒட்டுவது போல, பிளொக் ஒன்றுக்குள் 'அட்ரிபியூட்' எனும் தகவல் சீட்டை வைக்கலாம். மரத்தின் வகை, கண்ணாடியின் தடிப்பு, பூட்டின் வகை, அலகு விலை என எதையும் எழுதலாம். விலை வாடிக்கையாளரின் கண்ணில் படக்கூடாது என்றால் அதை மறைத்தும் வைக்கலாம்.

அடுத்ததுதான் முக்கியமானது. 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 'டேட்டா எக்ஸ்ட்ரக்ஷன்' என்ற கட்டளை உள்ளது. அது படிப்படியாகக் கேள்வி கேட்டு, எந்தப் பிளொக் எத்தனை, அவற்றின் சீட்டில் என்ன உள்ளது என்பதை ஓர் அட்டவணையாகத் தரும். வரைபடத்தின் ஓரத்திலும் வைக்கலாம். எக்செல் கோப்பாகவும் எடுக்கலாம். எக்செலில் அலகு விலையால் பெருக்கினால் விலைமதிப்பீடு தயார். விரல் வைத்து எண்ணும் வேலை ஒழிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அகலத்தைச் சீட்டில் கையால் எழுதி வைத்திருந்தால், பின்னர் படத்தை மாற்றும்போது அந்த எழுத்து மாறாது. படம் ஓர் அளவும் கணக்கு வேறோர் அளவும் சொல்லும். மாறக்கூடிய அளவுகளை டைனமிக் பிளொக்கின் அளவாகவே வைத்து, அதிலிருந்து கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டோகேட் எல்.ரி. எனப்படும் விலை குறைந்த பதிப்பில் டேட்டா எக்ஸ்ட்ரக்ஷன் இல்லை என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்க.

3. கால் அங்குலத்தின் பெறுமதி

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 யன்னல்களுக்குக் கிறில். ஒவ்வொன்றிலும் 40 அங்குல நீளமான 6 குறுக்குத் துண்டுகள். மொத்தம் 120 துண்டுகள். பொக்ஸ் பார் ஒன்று 20 அடி, அதாவது 240 அங்குலம். 240 ஐ 40 ஆல் வகுத்தால் 6. ஆகவே 20 பார் போதும் என்று விலை சொல்லிவிடுவோம்.

வேலைக்கு இறங்கினால் கதை வேறு. வெட்டும் தட்டு ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலத்தைத் தின்றுவிடும். ஐந்து துண்டு வெட்டிய பின் மிஞ்சுவது 39 3/8 அங்குலம் மட்டுமே. ஆறாவது துண்டு வராது. ஒரு பாரில் ஐந்துதான் என்றால் 24 பார் வேண்டும். நான்கு பாரின் விலை நமது இலாபத்திலிருந்து போகும். 24 துண்டுக் கழிவு மூலையில் கிடந்து துருப்பிடிக்கும்.

துண்டின் நீளம் 39 3/4 அங்குலமாக இருந்தால்? ஆறு துண்டுகள் 238 1/2 அங்குலம். ஆறு வெட்டுக்கு 3/4 அங்குலம். மொத்தம் 239 1/4. ஆறும் வந்துவிடும், 20 பார் போதும். நிலைக்குள் கால் அங்குலம் குறைந்தால் பொருந்துமா என்று வாடிக்கையாளரிடமும் வேலை செய்பவரிடமும் கேட்டு, சம்மதமானால் 20 கிறில்களையும் ஒன்றாகத் தெரிவு செய்து, பண்புகள் பலகையில் அளவை ஒரு தடவை மாற்றினால் முடிந்தது. கோடுகளாக வரைந்திருந்தால் இந்த மாற்றத்துக்கே பின்னேரம் ஆகிவிடும். பலர் செய்யாமலே விடுவதும் அதனால்தான். பார் சரியாக 240 அங்குலம்தானா என்பதையும் அளந்து பாருங்கள்.

4. கண்ணுக்குத் தெரியாத இரட்டைக் கோடுகள்

கொப்பி பண்ணும்போது கோட்டின் மேல் கோடு விழுந்துவிடும். திரையில் ஒன்றாகவே தெரியும். அந்தக் கோப்பை இயந்திரத்தில் வெட்டக் கொடுத்தால், ஒரே இடத்தை இரண்டு தடவை வெட்டக்கூடும். தகடும் பழுது, நேரமும் வீண். 'ஓவர்கில்' என்ற கட்டளை இத்தகைய இரட்டைக் கோடுகளைக் களைந்துவிடும். முன்பு கூடுதல் கருவிகளுக்குள் இருந்த இது 2012 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பிரதான மென்பொருளிலேயே உள்ளது. வெட்டக் கொடுக்குமுன் ஒருமுறை ஓடவிடுவது வழக்கமாக வேண்டும்.

பிளொக் மீது பிளொக் விழுந்தாலும் எண்ணிக்கை பிழைக்கும். எனவே கணனி தந்த மொத்தத்தை முதல் வேலையிலாவது கையால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

5. அடியா, மில்லிமீற்றரா?

நமது நாட்டில் ஓடாவி அங்குலத்தில் பேசுவார். அலுமினியப் பட்டியல் மில்லிமீற்றரில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். மில்லிமீற்றரில் வரைந்த கதவை அங்குலப் படத்தில் வைத்தால், வீட்டை விடக் கதவு பெரிதாகும். தம்பி அதைக் கையால் இழுத்துச் சிறிதாக்குவார், அளவு பிழைத்துவிடும். 'யூனிட்ஸ்' கட்டளைக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அலகைச் சரியாகக் குறித்து வைத்தால், பிளொக்கை உட்செலுத்தும்போது மென்பொருளே மாற்றிக்கொள்ளும். இந்த அமைப்புகளையும் கடையின் பெயர்ப்பெட்டியையும் சேர்த்து 'டெம்ப்ளேட்' ஆகச் சேமித்துக்கொண்டால் ஒவ்வொரு வேலையையும் வெறுந்தாளில் தொடங்க வேண்டியதில்லை.

6. மின்வெட்டும் களவும்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 'சேவ் டைம்' என்ற அமைப்பில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிப்பது என்று குறிக்கலாம். ஐந்து நிமிடம் வைத்துக்கொள்க. கோப்பு பழுதானால் அதே இடத்தில் பி.ஏ.கே. என்ற பின்னொட்டுடன் முந்தைய பிரதி இருக்கும். அந்தப் பின்னொட்டை டி.டபிள்யூ.ஜி. என மாற்றினால் திறக்கும். இது தெரியாமல் முழுப் படத்தையும் மீள வரைபவர்கள் உள்ளனர்.

வெளியிலிருந்து வரும் கோப்புறைகளிலும் கவனம் வேண்டும். 2012 இல் கண்டறியப்பட்ட ஒரு கணனிப் புழு, ஓட்டோகேட் படங்களோடு ஒட்டி வந்து, பல்லாயிரம் வரைபடங்களை மின்னஞ்சலில் வெளியே அனுப்பியது. வாடிக்கையாளரின் வீட்டுப் படம் நம்மிடமுள்ள அமானிதம். போட்டியாளரின் கைக்குப் போனால் நமது விலையும் போகும்.

உடைத்த மென்பொருள் பாவிப்பதும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அது குற்றமுமாகும். ஓட்டோகேட்டின் சந்தாப் பணம் கட்டுபடியாகாதவர்கள் இலவசமான லிப்ரேகேட்டில் தளப்படங்களை வரையலாம். அதிலும் பிளொக் உண்டு. பிரீகேட் என்ற மற்றொரு இலவச மென்பொருளில் அளவுகளை ஓர் அட்டவணையின் கட்டங்களோடு இணைத்து வைக்கலாம். கட்டத்தில் எண்ணை மாற்ற, படமும் மாறும்.

இவ்வாரம் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நீங்கள் அதிகம் விற்கும் ஒரு யன்னலையும் ஒரு கதவையும் மட்டும் சீட்டுடன் கூடிய பிளொக் ஆக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் வேலையின் கணக்கை அதிலிருந்து எடுத்து, பழைய முறையில் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், எது பிழை என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். இதுவரை எங்கே பணம் கசிந்தது என்பது அந்தத் தேடலில் தெரியவரும்.

புதிதாகப் படவரைஞர் ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது, எவ்வளவு வேகமாக வரைவீர் என்று கேட்க வேண்டாம். ஒரு வீட்டுப் படத்தைத் திறந்து வைத்து, "இதில் யன்னல் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். அவரது விரல் திரைக்குப் போகின்றதா, விசைப்பலகைக்குப் போகின்றதா என்று பாருங்கள். திரைக்குப் போனாலும் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வந்த பிள்ளையாக இருக்கலாம். இந்தப் பக்கத்தை வெட்டி அவரது மேசையில் வையுங்கள்.