பழைய மானுவல் காருக்கு க்ரூஸ் கன்ட்ரோல்: 16,000 ரூபாயா, 9.45 லட்சமா?



போன ஜூலை மாசம், ஐ.டி.ஆர். ஃபைலிங் சீசன். டீ குடிக்கக்கூட நேரமில்லாத ஒரு சாயங்காலம், தம்பி ஒருத்தர் ஃபார்ம் 16 எடுத்துட்டு ஆபீசுக்கு வந்தார். வயசு 28, சென்னையில ஐ.டி. வேலை, சொந்த ஊர் மதுரை. வேலை முடிஞ்சதும் கிளம்பாம தயங்கி நின்னார். "சார், புது கார் எடுக்கலாம்னு இருக்கேன். மாசம் 15,750 இ.எம்.ஐ. என் சம்பளத்துக்குத் தாங்குமா?"

இப்ப இருக்கிற காருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். அப்பா வாங்கின 2014 மாடல் பெட்ரோல் கார், மானுவல் கியர். லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு, பெரிய ரிப்பேர் எதுவும் இல்லை. "ஊருக்குப் போறப்ப விழுப்புரம் தாண்டினதும் வலது கணுக்கால் மரத்துப் போகுது சார். புது கார்ல க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கு."

அவர் கணக்கு இதுதான். புது கார் ஆன்ரோடு 11 லட்சம். பழைய கார் எக்ஸ்சேஞ்சில் 3.5 லட்சம். மீதி 7.5 லட்சத்துக்கு 9.5% வட்டியில் 5 வருஷ லோன். 60 மாசத்துல அவர் கட்டப்போறது 9.45 லட்சம். அதில் வட்டி மட்டும் 1.95 லட்சம்.

கணுக்கால் வலிக்கு இவ்வளவு பெரிய வைத்தியமா?

"பழைய காரிலேயே க்ரூஸ் கன்ட்ரோல் போட முடியாதா?"ன்னு கேட்டேன். அவரும் விசாரிச்சிருக்கார். ஒரு கடையில் கிட், லேபர் எல்லாம் சேர்த்து 16,000 சொல்லியிருக்காங்க. "மைலேஜ்லயே போட்ட காசு திரும்பி வந்துடும்"னும் சொல்லியிருக்காங்க. ஆனா மானுவல் கார்ல வேலை செய்யுமான்னு பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். அது தெரியாம கொட்டேஷனைப் படிச்சா நம்மளை யாரும் எதையும் நம்ப வைக்கலாம்.

கால் செய்யுற வேலையை எது செய்யுது?

க்ரூஸ் கன்ட்ரோலுக்கு அடித்தளம் போட்டவர் ரால்ஃப் டீட்டர்ங்கிற அமெரிக்க இன்ஜினியர். சின்ன வயசுலேயே பார்வை இழந்தவர். பேசிக்கிட்டே ஓட்டுன தன் வக்கீல் காரை ஒரே வேகத்துல ஓட்டாம அலைக்கழிச்சதுதான் இந்த யோசனைக்குக் காரணம்னு சொல்வாங்க. 1950-ல் பேட்டன்ட் கிடைச்சது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் வந்தது.

வேலை எளிமையானது. நீங்க 80-ல் செட் பண்றீங்க. வண்டியின் வேகத்தை ஒரு சென்சார் சொல்லிக்கிட்டே இருக்கும். 78 ஆச்சுன்னா த்ராட்டில் கொஞ்சம் திறக்கும், 82 ஆச்சுன்னா மூடும். பிரேக்கைத் தொட்டா எல்லாம் ரத்து.

மானுவல் கார்ல இதோட ஒரு விஷயம் கூடுதலா வேணும்: கிளட்ச் ஸ்விட்ச். க்ரூஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது கியர் மாத்த கிளட்சை மிதிக்கறீங்கன்னு வைங்க. சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துடும், வேகம் குறையும். சிஸ்டம் "ஐயோ, வேகம் போகுதே"ன்னு த்ராட்டிலைத் திறக்கும். இழுக்க எந்த எடையும் இல்லாத இன்ஜின் ஆர்.பி.எம். எகிறி அலறும். கிளட்ச் பெடலுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன ஸ்விட்ச் "டிரைவர் கிளட்சை மிதிச்சுட்டார், நீ நிறுத்து"ன்னு சொன்னா இந்தப் பிரச்சனையே இல்லை. உங்க கொட்டேஷன்ல அந்த ஸ்விட்சும் அதை இணைக்கிற வேலையும் இருக்கா? முதல் கேள்வி இதுதான்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஆட்டோமேட்டிக் கார் மேட்டில் தானே கியர் குறைக்கும். மானுவல் கார்ல அஞ்சாவது கியர்ல ஏறுற மேட்டை அஞ்சாவது கியர்லேயே ஏறப் பார்க்கும். இன்ஜின் திணறும். மேடு வந்தா நீங்கதான் க்ரூஸை விட்டு நாலாவதுக்கு வரணும். மழையில் வழுக்குற ரோட்டுல, டிராஃபிக்ல எந்தக் காரா இருந்தாலும் இதைத் தொடக் கூடாது. பழைய கார்ல போடறது வேகத்தை மட்டும் பிடிக்கும், முன்னால லாரி நின்னா அதுவே பிரேக் போடாது. புது கார் விளம்பரத்துல பார்க்கிற அடாப்டிவ் வகை வேற.

உங்க கார் எந்த ரகம்?

இதைப் பொறுத்துதான் செலவு, ரிஸ்க் எல்லாமே.

சில கார்களில் க்ரூஸ் கன்ட்ரோல் ஈ.சி.யு.வுக்குள்ளேயே தூங்கிக்கிட்டு இருக்கும். அதே இன்ஜின், அதே வருஷம், மேல் வேரியன்ட்டுக்குக் கொடுத்திருப்பாங்க. கீழ் வேரியன்ட்டுக்கு ஸ்விட்ச் மட்டும் இருக்காது. ஃபோக்ஸ்வாகன் போலோ வெச்சிருக்கிற பலர் க்ரூஸ் ஸ்விட்ச் உள்ள இண்டிகேட்டர் தண்டை மாட்டி, வயர் இழுத்து, ஸ்கேனர் மூலம் கோடிங் செய்து இதை எழுப்பியிருக்காங்க. இந்த ரகத்துல பிரேக், கிளட்ச் பாதுகாப்பு எல்லாம் கம்பெனி எழுதின சாஃப்ட்வேர்லேயே இருக்கும். என்னைக் கேட்டா, யோசிக்காம போடலாம்னு சொல்லக்கூடியது இது ஒண்ணுதான். ஒரே எச்சரிக்கை: ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றினா ஏர்பேக்கையும் கழற்றணும். பேட்டரி கனெக்‌ஷனை எடுக்காம அதில் கை வைக்கிற மெக்கானிக்கிட்ட வண்டியை விடாதீங்க.

ரெண்டாவது ரகம், ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வயர் மட்டும் போற கார். பெடலுக்கும் ஈ.சி.யு.வுக்கும் நடுவுல வெளிக் கம்பெனி கிட்டைச் செருகுவாங்க. உங்க கால் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு ஈ.சி.யு.வுக்கு அது சொல்லும். கால் மிதிக்கலைன்னாலும் சொல்லும்! அதனாலதான் கிட்டின் தரம் இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். தம்பியோட கார் இந்த ரகம்.

மூணாவது, மாருதி 800, பழைய ஜென் மாதிரி பெடலிலிருந்து ஸ்டீல் கேபிள் போற கார்கள். கேபிளை இழுக்கத் தனியா ஒரு மோட்டாரோ வேக்குவம் கருவியோ பொருத்தணும். இதைச் சரியாகச் செய்து பழகின கை கிடைக்கிறது கஷ்டம். கேபிள் திறந்தபடியே சிக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

இப்ப கணக்கு

"போட்ட காசு மைலேஜ்ல திரும்பி வரும்"ங்கிறதைத் தம்பி முன்னாடியே பேப்பர்ல போட்டோம்.

வருஷத்துக்கு 6 தடவை ஊர். போக வர 920 கிலோமீட்டர். மொத்தம் 5,520. செங்கல்பட்டு நெரிசல், டோல், ஊர் நடுவுல போற ரோடு எல்லாம் கழிச்சா க்ரூஸ் போட்டு ஓட்டக்கூடியது 60%னு வைப்போம், அதாவது சுமார் 3,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கொடுத்தா 184 லிட்டர் பெட்ரோல். அதில் 5% மிச்சம்னு தாராளமாவே வைக்கலாம். 9.2 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்ன்னா வருஷத்துக்கு 930 ரூபாய்.

16,000 திரும்பி வர 17 வருஷம் ஆகும். 2014 காரோட ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான், அதாவது 2029 வரை. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். போட்ட காசை எடுக்கறதுக்குள்ள மூணு தடவை புதுப்பிச்சிருப்பார்.

வித்தாலும் திரும்பி வராது. பழைய கார் வாங்க வர்றவர் மாடல், கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர்னு பார்ப்பார். வெளியில போட்ட கிட்டுக்கு விலை ஏத்திக் கொடுக்க மாட்டார். வயரிங்ல கை வெச்சிருக்காங்கன்னு குறைச்சுக் கேட்டாலும் கேட்பார்.

வரியிலும் சலுகை இல்லை. என்னை மாதிரி தொழில் செய்யறவங்க காரைத் தொழிலுக்குப் பயன்படுத்தினா வருஷம் 15% தேய்மானம் கழிக்கலாம். சம்பளக்காரருக்குச் சொந்தக் காரில் அது கிடையாது. வரி கட்டின பிறகு மிஞ்சுற பணம்தான். 20% ஸ்லாப்பில் இருந்தா, செஸ் சேர்த்து 20.8%. 16,000 செலவு பண்ண 20,200 சம்பாதிச்சாகணும்.

அப்ப வேண்டாமா? நான் அப்படிச் சொல்லலை. இது முதலீடு இல்லை, சௌகரியச் செலவு. சௌகரியச் செலவை அளக்கிற கோல் வேற. 3,300 கிலோமீட்டரை 85 வேகத்துல ஓட்டினா 39 மணி நேரம். இன்னும் 4 வருஷம் காரை வெச்சிருந்தா 156 மணி நேரம். 16,000-ஐ அதால வகுத்தா மணிக்கு 103 ரூபாய். வலியில்லாம ஊர் போய்ச் சேர மணிக்கு 103 ரூபாய் கொடுப்பீங்களா? அவர் உடனே "கொடுப்பேன் சார்"னார். அவருக்கு அது சரி. இதே கிட்டை, தினமும் ஓ.எம்.ஆர்.ல ஆபீஸ் போய் வந்து, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை ஊருக்குப் போறவர் போட்டா மணிக்கு 600 ரூபாய்க்கு மேல ஆகும். கார் அதேதான், கிட் அதேதான்.

9.45 லட்சத்துக்கும் இதுக்கும் நடுவுல இன்னொண்ணையும் சொன்னேன். பழைய காரை 4 வருஷம் ஓட்டிக்கிட்டு, கட்ட நினைச்ச இ.எம்.ஐ.யில் பாதி, 8,000 ரூபாயை மட்டும் மாசாமாசம் ஆர்.டி.யில் போட்டா, 6.5% வட்டியில் சுமார் 4.37 லட்சம் சேரும். வட்டிக்கு வரி உண்டு, அதை மறக்க வேண்டாம். அடுத்த காருக்குக் கை நிறைய டவுன் பேமென்ட்.

பில், இன்சூரன்ஸ், மிச்சக் காசு

"பில் வேண்டாம்னா 18% ஜி.எஸ்.டி. மிச்சம்"னு கடைக்காரர் சொல்வார். வாங்கிடாதீங்க... பில் இல்லாம வாங்கிடாதீங்கன்னு சொல்றேன். நாளைக்கு கிட் பழுதானாலும், இன்சூரன்ஸ்காரர் கேட்டாலும் உங்க கையில இருக்கப்போறது அந்தப் பேப்பர் மட்டும்தான். மோட்டார் பாலிசியில் மின், மின்னணு சாதனங்களுக்குத் தனி வரி உண்டு; வழக்கமா சாதன மதிப்பில் 4% கூடுதல் பிரீமியம். 16,000-க்கு 640 ரூபாய். அந்தக் கவரை எடுக்கறதும் விடறதும் உங்க விருப்பம். ஆனா வண்டியில் மாற்றம் செஞ்சதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இ-மெயில்ல தெரிவிக்கறது விருப்பம் இல்லை, கட்டாயம்னு வெச்சுக்கோங்க. கிளெய்ம் நாளன்னைக்கு "முன்னாடியே சொல்லலையே"ங்கிற வார்த்தையைக் கேட்கக் கூடாது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி ஓடிக்கிட்டு இருந்தா, வயரை வெட்டாம கனெக்டரோட செருகுற கிட்டா பாருங்க.

முழுப் பணத்தையும் மாட்டினவுடனே கொடுக்காதீங்க. பாதி வெச்சுக்கிட்டு, மெக்கானிக்கைப் பக்கத்துல உட்கார வெச்சு, காலியான ரோட்டுல நாலாவது கியர்ல 60-ல் செட் பண்ணுங்க. பிரேக் பெடலை லேசாத் தொடுங்க, வண்டி வேகம் குறையுற அளவுக்குக்கூட வேண்டாம். உடனே க்ரூஸ் விடணும். திரும்ப செட் பண்ணி கிளட்சை மிதிங்க. இன்ஜின் சத்தம் இறங்கணும், ஏறக் கூடாது. ஸ்விட்ச்ல ஆஃப் பண்ணிப் பாருங்க. கடைசியா, வண்டியை நிறுத்தி இக்னிஷனை அணைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டுங்க. பழைய வேகத்தை அதுவா பிடிக்கவே கூடாது. நாலில் ஒண்ணு தப்பினாலும் கிட்டைக் கழற்றச் சொல்லுங்க. பிரேக் லைட்டுக்கு எல்.இ.டி. பல்பு மாத்தியிருந்தா அதையும் முதல்லேயே சொல்லிடுங்க. சில கிட்கள் பிரேக் லைட் சர்க்யூட்டை வெச்சுத்தான் பிரேக்கைத் தெரிஞ்சுக்கும், எல்.இ.டி.யில் குழம்பும்.

எல்லாம் பேசி முடிச்சு வாசல் வரைக்கும் போனோம். கார் நின்னுக்கிட்டு இருந்துது. பழக்கதோஷம், குனிஞ்சு டயரைப் பார்த்தேன். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அவர் டயர்ல 1117. 2017-ஆம் வருஷம் 11-வது வாரம் தயாரானது. நாலும் அதே.

"தம்பி, இதை வெச்சுக்கிட்டா மதுரை வரைக்கும் ஒரே வேகத்துல போகப் போறீங்க?"

அந்த மாசமே டயருக்கு 21,000 போச்சு. க்ரூஸ் கிட்டுக்கு மாசம் 2,000 வீதம் 8 மாசம் தனியா எடுத்து வைக்கிறதா முடிவு. போன வாரம் மெசேஜ் போட்டிருந்தார். பணம் சேர்ந்திருச்சாம். கடைக்காரர்கிட்ட கிளட்ச் ஸ்விட்ச் பத்திக் கேட்டிருக்கார். "மானுவல் காருக்கு அதெல்லாம் தேவையில்லை சார்"னு பதில் வந்திருக்கு. வேற கடை தேடிக்கிட்டு இருக்கார்.