சூலகப் புற்றுநோயில் முதிராத காவற்செல்கள்

வயிறு மெல்ல உப்புதல், சிறிதுண்டதும் நிறைந்துவிட்டதுபோல் தோன்றுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய குறிகளைப் பெண்கள் பலர் வாயுக் கோளாறென்றே எண்ணிவிடுவர். பெங்களூர் சிவாஜிநகரின் நெருக்கமான தெருக்களில் வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர், இவை வாரக்கணக்கில் நீடிக்கக் கண்டால், அங்குள்ள பௌரிங்–லேடி கர்ஸன் மருத்துவமனை போன்றதோர் இடத்தில் சோதனை செய்துகொள்ளுமாறு கூறுதல் வேண்டும். ஏனெனில், சிலரிடத்து உப்பலுக்குக் காரணம் சூலகப் புற்றுநோயால் வயிற்றறையில் தேங்கிய நீராகும். அந்நீரில் புற்றுச் செல்களோடு, உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களும் ஏராளமாகக் காணப்படுகின்றன. காவலர் இருந்தும் களவு நடப்பது எங்ஙனம்?

கிளைச்செல் எனப்படும் ஒருவகை வெள்ளணுவை ஆராய்ந்தால் இதற்கு விடையின் ஒரு பகுதி கிட்டும். 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர் தோலில் இத்தகைய செல்லைக் கண்டு, நரம்புச் செல்லென்று பிழையாகக் கருதினார். 1973-ல் ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் ஆகிய இருவரும் சுண்டெலியின் மண்ணீரலில் கிளைச்செல்லைக் கண்டு அதற்குப் பெயரிட்டனர்.

முதிராத கிளைச்செல் அயற்பொருளை விழுங்குவதில் வல்லது. ஆபத்தின் குறி கிட்டியதும் அது விழுங்குதலைக் குறைத்து, நிணநீர்க் கணுவை நோக்கிச் செல்கிறது. விழுங்கிய புரதத்தின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்தி டி-செல்களுக்குக் காட்டுகிறது. அவற்றைத் தூண்டும் மூலக்கூறுகளையும் உடன் வெளிப்படுத்துகிறது. இம்மாறுதலே முதிர்ச்சி. துண்டைக் காட்டித் தூண்டுதலை அளிக்காவிடில் டி-செல் செயலற்றுப் போகும். திருடனின் படத்தைக் காட்டிவிட்டு, 'பிடி' என்று சொல்லாத காவலனை ஆசிரியர் வகுப்பில் உவமையாகக் கூறலாம். இத்தகைய காவலன் இல்லாதிருத்தலே மேல்.

புற்றுக்கட்டிகள் சுரக்கும் இரத்தக்குழாய் வளர்ச்சியூக்கி கிளைச்செல்களின் முதிர்ச்சியைத் தடுப்பதை 1996-ல் காப்ரிலோவிச் குழுவினர் சோதனைச்சாலையில் காட்டினர். இதே பொருள் நுண்குழாய்களைக் கசியச் செய்து, வயிற்றில் நீர் தேங்கவும் துணைபுரிகிறது. ஆகவே, கண்ணால் காணும் உப்பலுக்கும் கண்ணுக்குப் புலப்படாத முடக்கத்திற்கும் உறவுண்டு. சூலகப் புற்றில் கிளைச்செல்களுக்குள் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்து, அவை டி-செல்களைத் தூண்டும் ஆற்றலை இழப்பதும் 2015-ல் வெளியாயிற்று.

இது ஏட்டளவான செய்தியன்று. முற்றிய சூலகப் புற்றுடைய 186 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2003-ல் வெளியிடப்பட்ட கணக்கில், கட்டிக்குள் டி-செல்கள் புகுந்திருந்தோரில் நூற்றுக்கு 38 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தனர். புகாதோரில் நூற்றுக்கு 4.5 பேரே வாழ்ந்தனர்.

நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த செல்களை வெளியே முதிரச் செய்து மீண்டும் செலுத்தும் முறை இதனாலேயே எழுந்தது. பெங்களூர் மருத்துவர் பி. பி. பாப்சி முதலானோர் பலவகைப் புற்றுடைய 51 பேரிடம் இதனைச் சோதித்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒப்பிட்டு நோக்க வேறு குழு அதில் இல்லாமையால், பயனை அறுதியிட இயலாது. அறுவையும் பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளுமே இன்றும் முதன்மைச் சிகிச்சை.