ஆறு பிட்டை மூன்றில் அடைப்பது எப்படி?

நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கான இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: “வாய்ஸ் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 போட்டு அனுப்புகிறோம். எம்பிஎல்எஸ் நெட்வொர்க்குக்குள் நுழைந்ததும் அந்த 46 என்ன ஆகும்?”

“போய்விடும்” என்று சொல்லாதீர்கள். ஐபி ஹெட்டருக்குள் முன்னுரிமைக் குறியான அந்த டிஎஸ்சிபி 46 அப்படியேதான் இருக்கும். நடுவில் உள்ள ரவுட்டர்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. மேலே ஒட்டிய லேபிளை மட்டும் பார்த்து வரிசையில் நிறுத்துகின்றன. ஆக, முன்னுரிமை பிழைப்பதும் சாவதும் லேபிள் ஒட்டும் இடத்தில்.

அந்த லேபிள் ஹெட்டர் மொத்தம் 32 பிட். லேபிளுக்கு 20, அடுக்கின் அடியைக் காட்ட 1, டிடிஎல்லுக்கு 8. முன்னுரிமைக்கு மிஞ்சுவது 3. இந்த மூன்றுக்கு 2009-இல் ஆர்எஃப்சி 5462 ‘டிராஃபிக் கிளாஸ்’ என்று பெயர் மாற்றியது. ஆனாலும் பேச்சில் இன்னும் பழைய பெயரான ‘எக்ஸ்பி’தான் அதிகம் அடிபடுகிறது.

டிஎஸ்சிபிக்கு 6 பிட், 64 மதிப்புகள். எக்ஸ்பியில் எட்டே எட்டு. சிஸ்கோ ஐஓஎஸ், வேறு கட்டளை இல்லாவிட்டால், டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை எடுத்து லேபிளில் போட்டுவிடும். 46 என்பது 101110. முதல் மூன்று 101, அதாவது 5. வாய்ஸ் தப்பித்தது. டெஸ்ட் கால் தெளிவாகக் கேட்டதும் பலர் ‘முடிந்தது’ என்று டிக்கெட்டை மூடிவிடுவது இந்த இடத்தில்தான்.

மூடாதீர்கள். கால் சிக்னலிங்குக்கு 24, முக்கியமான பிசினஸ் அப்ளிகேஷனுக்கு 26 என்று பிரித்து வைத்திருந்தால், இரண்டும் 3 ஆகிவிடும். ஏஎஃப்31, 32, 33 மூன்றும் அதே 3-இல் விழும். நெரிசலில் அவற்றில் எதை முதலில் கழிக்க வேண்டும் என்பது கோர் நெட்வொர்க்குக்குத் தெரியாது. 48 போட்ட சாதாரண டேட்டா 6 ஆகி, சர்வீஸ் புரொவைடரின் ரவுட்டிங் டிராஃபிக்கோடு போய் நிற்கப் பார்க்கும். அதை அவர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அதனால் எம்பிஎல்எஸ்ஸுக்கு மாறும் மைக்ரேஷனுக்கு முன்பே ஒரு ஷீட் தயாரியுங்கள். எந்த அப்ளிகேஷன், எந்த டிஎஸ்சிபி, எந்த எக்ஸ்பி, எவ்வளவு பேண்ட்வித், மீறினால் என்ன நடக்கும் என்று எழுதி, புரொவைடரிடம் ஈமெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். போனில் வாங்கிய ஒப்புதல் எஸ்கலேஷன் நாளில் உதவாது.

வெளியேறும் பக்கத்துக்கு ஆர்எஃப்சி 3270 (2002) மூன்று முறைகள் சொல்கிறது. யூனிஃபார்மில் புரொவைடர் எக்ஸ்பியை மாற்றினால் அந்த மாற்றம் உங்கள் டிஎஸ்சிபியிலும் ஏறிவிடும். பைப்பிலும் ஷார்ட் பைப்பிலும் உங்கள் டிஎஸ்சிபியைத் தொடமாட்டார்கள். கடைசி லிங்க்கில் வரிசை பிரிப்பது பைப்பில் அவர்கள் குறியை வைத்து, ஷார்ட் பைப்பில் உங்கள் குறியை வைத்து. வாடிக்கையாளர் பக்கம் இருப்பவருக்கு என் பரிந்துரை ஷார்ட் பைப்.

கடைசிக்கு முந்தைய ரவுட்டரே லேபிளைக் கழற்றிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. ஒற்றை லேபிள் என்றால் எக்ஸ்பியும் அங்கேயே போய்விடும். அதைக் காக்க ‘எக்ஸ்ப்ளிசிட் நல்’. ஐபிவி4-க்கு லேபிள் எண் 0. எல்3 விபிஎன்னில் உள்ளே இன்னொரு லேபிள் இருப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தைச் சொல்பவர்கள் குறைவு.

புரொவைடர் மேல் பழி போடுமுன் சொந்த வீட்டைப் பாருங்கள். பழைய கேட்டலிஸ்ட் 3750 போன்ற ஸ்விட்சுகளில் க்யூஓஎஸ்ஸை ஆன் செய்து, போர்ட்டில் ‘டிரஸ்ட்’ கொடுக்க மறந்தால், டிஎஸ்சிபி அங்கேயே 0 ஆகிவிடும்.

சோதிப்பது எளிது. பழைய டிஓஎஸ் பைட்டில் 46 என்பது 184. 26 என்பது 104. லினக்ஸ் பிங்கில் டிஓஎஸ் மதிப்பாக இந்த எண்களைக் கொடுத்து அனுப்பி, இரு முனையிலும் வயர்ஷார்க் வையுங்கள். ஆனால் வயர்ஷார்க் காட்டுவது டிஎஸ்சிபி வந்து சேர்ந்ததா என்பதை மட்டும். கோரில் எந்த வரிசையில் நின்றது என்பதை அல்ல. அதற்கு நுழைவு ரவுட்டரின் கிளாஸ் வாரியான கவுன்ட்டர்களைப் புரொவைடரிடம் கேளுங்கள். டெஸ்ட் ஓடிய நேரம், இரு முனை கேப்ச்சர், ஒப்புதல் ஈமெயில் மூன்றையும் இணைத்து டிக்கெட் போட்டால், “எங்கள் பக்கம் எல்லாம் சரி” என்ற ஒற்றை வரிப் பதிலோடு அவர்களால் அதை மூட முடியாது.