யானைச் செய்தியும் அக்காவின் நம்பரும்

கொடைக்கானல் மலையிலுள்ள எங்கள் தாண்டிக்குடிக்கு வரும் விருந்தாளிகள் ஹோம்ஸ்டேக்காரர்களிடம் வைஃபை பாஸ்வேர்டுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான்: "இங்க ஊர் வாட்ஸ்அப் குரூப் இருக்காமே, என்னையும் சேர்த்துவிடுங்களேன்." கேட்பதில் தப்பில்லை. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக மேலே ஏறும் ரோட்டில் மரம் சாய்ந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா, கடைசி பஸ் போய்விட்டதா என்பதெல்லாம் எந்த மேப்பிலும் வராது. எங்கள் குரூப்பில் வரும். காப்பி, மிளகு, மலைவாழை போடுகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அதில் இருக்கிறோம். அட்மின்களில் நானும் ஒருவன்.

குரூப் தொடங்கிய காலத்தில் கேட்டவரையெல்லாம் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மலை இறங்குகிறவரைத் திங்கட்கிழமை நீக்கிவிடுவார்கள். நீக்கியதோடு ஆள் போய்விட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். காப்பிப் பழம் எடுக்கப் போகும் ஒரு அக்காவுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து "ஹாய்" வந்தது. பிறகு ஒரு ரோஜாப்பூ. பிறகு "டிபி சூப்பர்". விசாரித்துப் பார்த்தால், எப்போதோ ஒரு வார இறுதிக்குச் சேர்த்து, முறைப்படி நீக்கப்பட்ட ஆள். அக்கா சத்தம் போடவில்லை, குரூப்பை விட்டுப் போய்விட்டார். திரும்பக் கூப்பிட்டபோது, "யானை வந்தா நாய் குரைக்கும் தம்பி, எனக்கு அது போதும்" என்றார்.

விருந்தாளி காரில் வருகிறவர். யானை நின்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னால் எடுத்துவிடலாம். விடியற்காலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்து வேலைக்குப் போவது அந்த அக்கா. எச்சரிக்கை யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமோ, அவரையே நாம் வெளியே அனுப்பியிருக்கிறோம். உறுப்பினரின் தனியுரிமை என்றால் ஏதோ நாசூக்குக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இணையக் குழுக்கள் ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தன. மரத்தடி, ராயர்காப்பிகிளப் என்று யாகூ குரூப்ஸில் தமிழர்கள் கூடிய நாட்களில், பழைய மடல்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாமா, உறுப்பினர் மட்டும்தானா என்று குழு நடத்துபவரே முடிவு செய்ய முடிந்தது. படிக்க வந்த வெளியாளுக்கு எழுத்து முழுசாகத் தெரியும், எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி மட்டும் பாதியில் புள்ளி வைத்து வெட்டப்பட்டிருக்கும். பேச்சு திறந்திருந்தது, ஆள் மறைந்திருந்தார். வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சுக்குக் கதவு உண்டு: புதிதாக வருபவருக்குப் பழைய செய்திகள் தானாகத் தெரிவதில்லை. ஆனால் நுழைந்த நொடியே அத்தனை பேரின் நம்பரும் கையில் கிடைத்துவிடும். நீக்கினால் அவர் போவார், சேமித்துக்கொண்ட நம்பர் போகாது.

ஆகவே நாங்கள் செய்தியையும் ஆட்களையும் பிரித்தோம். வாட்ஸ்அப் சேனல் ஒன்று தொடங்கி ரோடு, மழை, யானை, காட்டுமாடு, கரண்ட் ஆகிய ஐந்தை மட்டும் அதில் போடுகிறோம். பின்தொடர்பவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது, போடுகிற அட்மின் நம்பரும் தெரியாது. சேனலின் க்யூஆர் கோடு அச்சடித்து ஹோம்ஸ்டே வரவேற்பறையிலும் டீக்கடையிலும் ஒட்டியிருக்கிறோம். குரூப்பில் இனி ஊரில் இருப்பவர்கள் மட்டுமே. டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம், 2024 முதல் சிக்னலிலும் முடியும். ஆனால் ஊரே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது இன்னொன்றை இறக்கச் சொல்லி யாரையும் அலைக்கழிக்க எனக்கு இஷ்டமில்லை.

இந்த யோசனை ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பல்ல. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமார் குழு யானை இருக்கும் இடத்தை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பியது, உள்ளூர் டிவியில் ஓடவிட்டது, பாதையோரம் சிவப்பு விளக்கு எரியவிட்டது. 2015-இல் அந்த வேலைக்கு அவருக்கு விட்லி விருது கிடைத்தது. எஸ்எம்எஸ் வாங்குகிற யாருக்கும் அடுத்தவர் நம்பர் தேவைப்படவே இல்லை என்பதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

சேனலில் எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். குரூப்பில் ஒருவர் போடுவது இப்படி இருக்கும்: "பெருசு ஒண்ணு இன்னார் வீட்டுக் களத்துல நிக்குது, அவங்க யாரும் இல்ல, தைப்பூசத்துக்குப் பழனி போயிருக்காங்க." ஊருக்குள் இது அக்கறை. அப்படியே வெளியே போனால் பூட்டிய வீட்டின் விளம்பரம், அதிலும் களத்தில் மிளகு காயும் நேரம். சேனலுக்குப் போகும்போது அது "தாண்டிக்குடி–பெரும்பாறை ரோட்டில் யானை, இருட்டிய பின் வண்டி எடுக்காதீர்கள்" என்று ஆகிவிடும். பெயர், வீடு, தோட்டம், போட்டோ எதுவும் கிடையாது. போட்டோ போட்டால் இடத்தைக் கண்டுபிடித்து செல்ஃபி எடுக்க ஜீப் பிடிப்பார்கள். யானை நகர்ந்ததும் "போயிருச்சு" என்று போடுவதைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதை மறந்தால் அடுத்த தடவை எவரும் நம்ப மாட்டார்கள்.

அமைப்புகளில் மூன்று வேலை. 'புதிய உறுப்பினர்களை அட்மின் அங்கீகரிக்க வேண்டும்' என்பதை ஆன் செய்யுங்கள். பெயர் இடத்தில் ஒற்றைப் புள்ளியும் படத்தில் முருகனும் வைத்துக்கொண்டு வரும் கோரிக்கைக்கு, "எந்த ஊரு, யாரைத் தெரியும்?" என்று கேட்காமல் அனுமதி கொடுக்காதீர்கள். குரூப் லிங்க்கை அவ்வப்போது ரீசெட் செய்யுங்கள். பொதுவெளியில் பகிரப்பட்ட வாட்ஸ்அப் குரூப் லிங்க்குகள் 2020 பிப்ரவரியில் கூகுள் தேடலிலேயே வந்து நின்றன. டிபியை 'என் தொடர்புகள்' மட்டும் பார்க்கும்படி வைக்கப் பெண்களுக்கு நேரிலேயே காட்டிக்கொடுங்கள். இதை மெசேஜாகப் போட்டால் யாரும் செய்வதில்லை. 2025-இல் வந்த கூடுதல் சாட் தனியுரிமை வசதி குரூப் பேச்சை மொத்தமாக ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும், ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது.

விருந்தாளிக்கும் இதே மரியாதை உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருகிறவர் இ-பாஸுக்குப் பெயரும் வண்டி நம்பரும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். தங்கும் இடத்தில் ஆதார் நகலும் கொடுக்கிறார். "இந்த ஆள் தகராறு பண்றான், உஷார்" என்று அந்த நகலைப் படம் பிடித்து ஹோம்ஸ்டேக்காரர்கள் குரூப்பில் போடும் பழக்கம் இருக்கிறது. தகராறு என்றால் போலீஸிடம் போக வேண்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் கொடுக்கலாம் என்று விருந்தாளியிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது.

அட்மினாக இருக்கவே பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். கரூர் வழக்கறிஞர்கள் குரூப் தொடர்பான வழக்கில், வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை உறுப்பினர் போட்ட பதிவுக்குக் குற்றம் சாட்டக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. கதவைத் திறந்து யாரை உள்ளே விடுகிறோம் என்பது மட்டும் நம் பொறுப்புதான்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மிளகு விலையைச் சேனலில் போடலாமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது. வெளியே தெரிந்தால் நல்ல வியாபாரி தேடி வருவான் என்று ஒரு கட்சி. யார் எவ்வளவு இருப்பு வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிதான்; ஆனாலும் சமரசமாக, விலையை மட்டும் போட்டு, அளவையும் பெயரையும் விட்டுவிடலாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். அறுவடை முடிவதற்குள் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை.