டயகமவில் ஒரு வீட்டில் தங்கப் போறீங்களா?

அக்கரப்பத்தனையைத் தாண்டி, ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே இருக்கிற எங்கள் டயகமவுக்கு இப்போ நடந்தே ஊர் பார்க்கிறவங்க வர்றாங்க. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ ட்ரெயில் நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டம். அது பொகவந்தலாவைப் பக்கமிருந்து மலையேறி வந்து இறங்குவது இங்கேதான். ஹோட்டலில் படுக்காமல் ஒரு வீட்டில் தங்கி, நாலு பேரோடு பேசிப் பழக ஆசைப்படுகிற யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை நண்பர்களுக்காக இந்தக் குறிப்புகள். உங்களுக்கும் செலவு குறையும், வீட்டுக்காரங்களுக்கும் பாரம் இருக்காது.

1. நீங்க யார், எந்த ஊர், எதைப் பார்க்க ஆசை என்று மூன்றே வரியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்க. 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி முன்னால் நின்று, சிவனொளிபாதமலையைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை என்று சொன்னார். மன்னர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். ஆசையை நேராகச் சொல்கிறவருக்கு உதவுவது இன்றைக்கும் சுலபம்தான்.

2. முன்பின் தெரியாத வீடு என்றால், இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் வழியாக வாங்க; பள்ளிக்கூட ஆசிரியரோ கோயில் தலைவரோ போதும். 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய செர்வாஸ் அமைப்பின் பயணிகள் அறிமுகக் கடிதத்தோடுதான் போவாங்க, வழக்கமாக இரண்டு இரவுதான் தங்குவாங்க. இரண்டு இரவு என்கிற கணக்கு எங்கள் வீடுகளுக்கும் சரியாகப் பொருந்தும்.

3. போனில் பேசும்போதே எத்தனை பேர், சைவமா அசைவமா, எந்த பஸ்ஸில் வர்றீங்க என்று சொல்லிவிடுங்க. பழைய தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு வீடு என்றால் 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை) ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), ஒரு குசினி (சமையலறை), அவ்வளவுதான். 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டினவங்களும் இருக்காங்க. எதுவானாலும் இரண்டு பேருக்கு மேல் வராதீங்க.

4. இதை மட்டும் மறக்கவே கூடாது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போய்ப் 'பேர்' (ஒரு நாள் வேலைக் கணக்கு) விழுந்தால்தான் அன்றைய சம்பளம். எடுத்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். நீங்க காலை எட்டு மணிக்கு வந்து நின்றால், வீட்டு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாங்க. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாங்க. ஆனால் அன்றைய பேர் போய்விடும், நீங்க வாங்கி வந்த பிஸ்கட் அதை ஈடுகட்டாது. அதனால் வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாங்க, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வாங்க.

5. ரயிலில் வர்றவங்க தலவாக்கலையில் இறங்கி, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகம பஸ் பிடிக்கலாம்; தனி வண்டி பிடிக்கிற காசு மிச்சம். மழைக்காலத்தில் மண் சரியும், கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுப் பாதை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்க.

6. விருந்தாளி வர்றார் என்று தோட்டத் தலைவரிடமும் காரியாலயத்திலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கும்படி வீட்டுக்காரங்களிடம் சொல்லுங்க. நீங்க போன பிறகு அவங்கதான் கேள்விக்குப் பதில் சொல்லணும்.

7. கையில் என்ன கொண்டுவருவது என்று யோசிக்கவே வேண்டாம்: தேங்காய்! இந்தக் குளிரில் தென்னை காய்க்காது. ஒவ்வொரு காயும் கீழேயிருந்து லொறி ஏறித்தான் வரணும். நாலு தேங்காயும் கொஞ்சம் கருவாடும் கொண்டுவந்தால் ரொட்டிக்குச் சம்பலும் ஆச்சு, சோற்றுக்குக் குழம்பும் ஆச்சு. தேயிலைத் தூளுக்கு இங்கே பஞ்சமில்லை, அதற்குக் காசு செலவழிக்காதீங்க.

8. செருப்பை இஸ்தோப்பிலேயே கழற்றிவிட்டு, முதலில் வீட்டில் மூத்தவங்க யாரோ அவங்களிடம் பேசுங்க. அக்கா, அண்ணே, வயதானவங்களை அம்மாயி, தாத்தா என்று கூப்பிட்டால் போதும். 'மேடம்', 'சார்' என்றால் வீடே காரியாலயம் மாதிரி ஆகிவிடும்.

9. பேச்சை எங்கே தொடங்குவது? பாட்டன் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தாங்க என்று கேளுங்க. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், நாமக்கல் என்று கதை தானாக வரும். மாசி மாதம் என்றால் காமன் கூத்து பற்றிக் கேளுங்க, பக்கத்து வீட்டு ஆளும் வந்து உட்காருவார். ஆனால் 'நீங்க என்ன ஆளுங்க' என்று சாதியைத் துருவாதீங்க. 'நீங்க இந்தியாக்காரங்கதானே' என்றும் சொல்லாதீங்க. 1948இல் மலையகத் தமிழர் இழந்த பிரஜாவுரிமை மிச்சமிருந்தவங்களுக்கும் கிடைக்க 2003இல் சட்டம் வர வேண்டியிருந்தது; இந்த மண்ணில் 200 வருஷம் ஆகிவிட்டது என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனாங்க. இதைத் தெரிந்துகொண்டு வர்றவரை யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டாங்க.

10. சொந்தமாக ஒரு போர்வையும் கம்பளிக் காலுறையும் எடுத்து வாங்க. இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற நல்ல கம்பளியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் குளிரில் சுருண்டு படுக்கும்.

11. தேங்காய் எண்ணெய் இங்கே போத்தலுக்குள் கல்லாக உறைந்துவிடும். வாய் அகன்ற போத்தலில் கொண்டுவந்தால் கரண்டியால் வழித்துக்கொள்ளலாம். வாய் குறுகின போத்தலாக இருந்தால், பிளேன்டீக்குச் சுடவைத்த தண்ணியில் மிச்சத்தை ஒரு சட்டியில் ஊற்றி, போத்தலை அதில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்க.

12. சுடுதண்ணிக்கு விறகு வேண்டும், விறகு சுமக்க ஆள் வேண்டும். நாள் நல்ல வெயிலாக இருந்தால் பிளாஸ்டிக் வாளியில் தண்ணியை நிரப்பி முற்றத்தில் வைத்து, மத்தியானம் குளியுங்க. விறகு மிச்சமாகும். தண்ணிப் பீலியில் காலையில் கூட்டம் இருக்கும், வேலைக்குப் போறவங்க முடித்த பிறகு போங்க.

13. அட்டைக்குப் பயந்து விலை கூடின மருந்து வாங்கவேண்டாம். காய்ந்த சவர்க்காரத்தைக் காலுறையின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு நடங்க. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், அட்டையின் வாய்ப்பக்கம் நகத்தை விட்டு மெதுவாக நெம்பி எடுங்க.

14. நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து அடுப்பங்கரையில் வையுங்க. நெருப்புக்கு மிகவும் கிட்ட வைத்தால் பசை விட்டுப்போகும், ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும்.

15. மலையில் கொழுந்து எடுக்கிறவங்களை நிறுத்திப் படம் பிடிக்காதீங்க. அந்தக் கொஞ்ச நேரத்தில் இரண்டு கைக்கும் எவ்வளவோ கொழுந்து சேர்ந்திருக்கும். இடுப்பில் படங்கு கட்டி, கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, மேட்டில் நிற்கிறவங்களுக்குக் கிலோதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது கேளுங்க, சந்தோஷமாக நிற்பாங்க. அந்தப் படத்தைக் கழுவி அனுப்பிவைத்தால் சுவரில் மாட்டுவாங்க.

16. இங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுகிறவங்க ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையிலோ டிபன் டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்க. 1988இலிருந்து அது தேசியப் பூங்கா. பொலித்தீன் பை கொண்டுபோனால் வாசலிலேயே எடுத்துவிடுவாங்க. அங்கே இருக்கிற 'உலக முடிவு' மலைவிளிம்பைப் பார்க்கணும் என்றால் விடியற்காலையிலேயே கிளம்புங்க, ஒன்பது மணி தாண்டினால் பெரும்பாலும் மேகம் வந்து மூடிவிடும்.

17. தங்கினதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு என்று வருவதற்கு முன்பே பேசிவிட்டால் இரண்டு பக்கமும் சங்கடமில்லை. காசே வேண்டாம் என்று சொல்கிற வீட்டில், கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு வைத்து மூத்த அம்மாவின் கையில் கொடுங்க, மறுக்க மாட்டாங்க. பிள்ளைகளுக்குக் காசு நீட்டவேண்டாம், கொப்பியும் பென்சிலும் கொடுங்க.

18. திரும்பும்போது கரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் தோட்டம் போட்டிருக்கிற வீட்டிலேயே வாங்குங்க. கடை விலையைவிடக் குறையும், காசும் நேராக அந்த வீட்டுக்கே போகும். மண்ணைக் கழுவாமல் இலையை மட்டும் கிள்ளிவிட்டுப் பேப்பரில் சுற்றிக் கட்டுங்க, கீழே வெக்கையான ஊருக்குப் போய்ச் சேரும்வரை வாடாது.