சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் வாழ்வு உணர்த்தும் வெற்றிப் பண்புகள்

முன்னுரை

வாழ்வில் வெற்றி பெற்றோரைப் பற்றிப் பேசும்போது, 'அது அவருடைய நல்லூழ்' என்பார் ஒரு சாரார். 'அது பிறவியிலேயே அமைந்த திறமை' என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் மாணவரை முயற்சியினின்று விலக்கி வைப்பனவே. திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என நான்கு அதிகாரங்களை (60 முதல் 63 வரை) அடுத்தடுத்து நிறுத்தியுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. முதற்கண் உள்ளக் கிளர்ச்சி. பின்னர்ச் சோம்பல் நீக்கம். அதன்பின் இடையறா முயற்சி. இறுதியில் இடர் வந்தவிடத்துத் தளராமை. வெற்றிக்குரிய படிகளாகவே இவ்வரிசை அமைந்துள்ளது எனலாம்.

இப்பண்புகள் ஒரு மனிதரிடம் எங்ஙனம் ஒருங்கே விளங்கின என்பதைக் காண, நம் சமுதாயம் ஈன்ற பெரும்புலவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் வாழ்வை எடுத்துக்கொள்வோம்.

பாவலர்

பாவலர் 1874ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் இடலாக்குடியில் பிறந்தார். இன்று குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலைச் சார்ந்துள்ள அவ்வூர், அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் அவருக்குக் கிடைத்த கல்வி மலையாளக் கல்வி. தமிழை அவர் சங்கரநாராயண அண்ணாவியாரை அடுத்துத் தனியே பயின்றார். பள்ளி தராத ஒன்றைத் தாமே தேடிச் சென்று பெற்றார் என்பதே அவர் வாழ்வு நமக்குத் தரும் முதற்பாடம். வாய்ப்பு இல்லை என்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் கூடிய அவையில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு அகவை 32. அன்று முதல் 'சதாவதானி' என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது.

அவதானம்: மனப்பாடமா?

அவதானம் என்பதற்குக் கவனம் என்பது பொருள். எட்டுச் செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்துவது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் கணக்குப் போடுவார். வேறொருவர் முதுகில் பூவோ சிறு கல்லோ எறிந்துகொண்டிருப்பார். இன்னொருவர் மணி அடிப்பார். அவதானி ஒவ்வொன்றிற்கும் விடை கூறுவதோடு, எறிந்தவை எத்தனை, மணி ஒலித்தது எத்தனை முறை என்பதையும் பிழையின்றிச் சொல்லுதல் வேண்டும்.

இதனை வெறும் மனப்பாடம் என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. என்ன கேட்கப்படும் என்பது முன்கூட்டித் தெரியாத அவையில், மனப்பாடம் எங்ஙனம் துணை செய்யும்? கற்றவற்றை நினைவில் கொள்ளுதல் ஒரு பங்கே. கேட்டதைக் கேட்ட கணத்தில் முழுமையாக உள்வாங்குதல், ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறும்போது முன்னதை நழுவவிடாதிருத்தல், இடையூறு நேரினும் கலங்காதிருத்தல் ஆகியவை மற்றைப் பங்குகள். தேர்வுக்கு முதல் நாள் குறிப்பேட்டை உருப்போடும் மாணவர்க்கும் அவதானிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கலங்காமை

பாவலரைப் பற்றித் தமிழறிஞரிடையே வழங்கிவரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவையில் ஒருவர், துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட அமைந்த ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடுமாறு வேண்டினாராம். 'துருக்கன்' என்பது முசுலிம்களைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல். பாவலரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் கேள்வி அது. அவரோ சினக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முந்தைய அடியின் இறுதியில் 'சத்' என்னும் அசை வருமாறு பாடலை அமைத்தார். 'துருக்கன்' சத்துருக்கன் ஆனான். இராமனின் தம்பிக்கு இராமன் துணை என்பதில் யாருக்கு மறுப்பு? அவை மகிழ்ந்தது, கேட்டவரும் மகிழ்ந்தார்.

இங்கே வென்றது சொல்வன்மை மட்டுமன்று. அமைதி முதலில் வென்றது. அதன் பின்னரே புலமை வேலை செய்தது. மேலும், இராம காதையை நன்கு கற்றிராத ஒருவர்க்கு அந்த விடை தோன்றியிராது. பரந்த கல்வியே இடுக்கணில் கைகொடுக்கும் என்பது இதனால் பெறப்படும்.

பரந்த உள்ளம்

இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்று எழுந்த வாதத்தில், அருட்பாவே என நிறுவும் பக்கத்தில் நின்று முழங்கியவர் பாவலர். அவரே சீறாப்புராணத்திற்கு உரை வகுத்த மார்க்கப் பற்றாளர். தம் நெறியில் ஊன்றி நின்றமையால் பிறர் நெறியைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அனைத்துச் சமயத்தாரும் அவரைப் போற்றியதற்கு இதுவே காரணம்.

நாள்தோறும் பயிற்சி

சதாவதானம் ஒரு நாள் நிகழ்ச்சி. ஆயின் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இருந்தவை பல்லாண்டுகள். அதற்குப் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை; 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் மறையும் வரை தமிழோடே வாழ்ந்தார். சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். கல்விக்கும் அது பொருந்தும்.

நம் மதரசாக்களில் திருக்குர்ஆனை மனனம் செய்யும் சிறுவர்களைக் காண்க. அன்றன்று புதிய பாடம். அதனோடு பழைய பாடத்தை மீண்டும் ஓதிக் காட்டுதல். 30 பாகங்களும் இவ்வாறே உள்ளத்தில் பதிகின்றன. ஒரே மூச்சில் எவரும் ஹாபிழ் ஆவதில்லை. இந்த முறையைத் தமிழுக்கும் கணக்கிற்கும் அறிவியலுக்கும் கொண்டுவர நமக்குத் தடை யாது? மனனப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிடாது, அவ்வாற்றலைக் கல்லூரி வரை கொண்டுசெல்ல வழி காணுதல் சமுதாயப் பெரியோரின் கடமையாகும்.

மாணவர்க்குச் சில

இதுகாறும் கண்டவற்றால் மாணவர் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் பின்வருமாறு:

1. வகுப்பில் கேட்டதை அன்றிரவே ஏட்டைப் பாராது எழுதிப் பார்த்தல்.

2. வாரத்தில் ஒரு நாளைப் பழைய பாடத்திற்கென ஒதுக்குதல்.

3. படிக்கும் நேரத்தில் கைப்பேசியை மற்றோர் அறையில் வைத்தல். நூற்றில் கவனம் செலுத்தப் பழகுவதற்கு முன் ஒன்றில் கவனம் செலுத்தப் பழகுதல் வேண்டும்.

4. பாடத்திட்டத்திற்கு அப்பால் திங்களுக்கு ஒரு நூலேனும் கற்றல்.

5. கேலியோ கடுஞ்சொல்லோ வந்தவிடத்து உடனே விடை கூறாது ஒரு கணம் அமைதல்.

முடிவுரை

2008ஆம் ஆண்டு இந்திய அரசு பாவலருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அஞ்சல்தலையும் பட்டமும் வெற்றியின் அடையாளங்கள். மலையாளப் பள்ளியில் பயின்றுகொண்டே தமிழாசானின் வாயிலை நாடிச் சென்ற அச்சிறுவனின் ஆர்வமே வெற்றியின் வித்து. அவ்வித்து நம் மாணவர் ஒவ்வொருவரிடத்தும் உண்டு. அதனை முளைக்கச் செய்யும் ஊக்கத்தையும் உழைப்பையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நல்குவானாக!